பாதத்தில் இரண்டு வெளிர் கோடுகள்

எட்டு மீட்டர் அகலத்துக்குப் பெரிதாக்கிப் பார்க்கும்வரை அந்தக் கோடுகள் என் கண்ணில் படவே இல்லை.

சோல் நகரத்துச் சுங்முரோ சந்தில் இருந்த அச்சகத்தில், எங்கள் கண்காட்சிக்கான பதாகையைத் தரையில் விரித்துப் போட்டிருந்தார்கள். அழுக்காகிவிடக் கூடாதென்று காலணியைக் கழற்றிவிட்டு, காலுறையோடு அதன் ஓரமாக நடந்தேன். இடது பக்கம் பழைய கறுப்பு வெள்ளைப் படம். எங்கள் கொரிய நாட்டுப் பள்ளிக்கூடம் ஒன்றில், முப்பத்தைந்து வருஷத்துக்கு முன்னால், அயல்நாட்டார் கொடுத்த சோள ரொட்டிக்காகக் கை நீட்டி நிற்கும் ஒரு பையன். வலது பக்கம் நான் எடுத்த வண்ணப் படம். கிழக்குத் திமோரில், அமைதிப்படைக்குப் போன எங்கள் சிப்பாய் ஒருவன் கையிலிருந்து புதுப் பள்ளிப்பையை வாங்கும் எட்டு வயதுப் பெண். இரண்டுக்கும் மேலே, 'வாங்கிய நாடு இன்று கொடுக்கும் நாடு' என்ற வரி. அதையும் நான்தான் எழுதினேன்.

அந்தப் பெண்ணின் பாதம் ஒவ்வொன்றும் என் முழங்கை நீளம் இருந்தது. வெயிலில் கறுத்த பாதங்கள். அவற்றின் குறுக்கே இரண்டு வெளிர் கோடுகள் ஓடின. தினமும் செருப்பு போடுகிற காலில் வார் பதிந்த இடம்.

என்னோடு வந்திருந்த பிரிவுத் தலைவர் பியோனும் குனிந்து பார்த்தார். நல்ல மனுஷர்தான், ஆனால் எதிலும் அவசரம். என்ன கோடு என்று கேட்டார். சொன்னேன். ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு அச்சகக்காரரிடம், பாதத்தை மட்டும் கம்ப்யூட்டரில் கொஞ்சம் கறுப்பாக்க முடியுமா என்று விசாரித்தார். பத்து நிமிஷ வேலை என்றார் அவர். பியோன் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் தலையாட்டினேன்.

அந்தத் தலையாட்டலைத்தான் இத்தனை வருஷம் கழித்தும் என்னால் மறக்க முடியவில்லை.

செருப்பைக் கழற்றச் சொன்னவள் நான். அந்த வருஷம் மார்ச்சில், எங்கள் உதவி நிறுவனத்தின் விளம்பரக் குழுவோடு திமோர் போயிருந்தேன். என் கணவர் இன்சோக் அப்போது அங்கே பொறியாளர் பிரிவில் சார்ஜெண்டாக இருந்து, லவாரி என்ற கிராமத்துக்குச் சாலை போட்டுக்கொண்டிருந்தார். பள்ளிப்பை கொடுத்த அன்று நான் முதலில் எடுத்த படத்தில் அந்தப் பெண் அலீதா நீலச் செருப்போடு நின்று வாய்கொள்ளாமல் சிரித்தாள். அழகான படம். ஆனால் புறப்படும் முன் பியோன் சொன்னது என் காதில் இருந்தது: பார்க்கிறவர்கள் மனம் இளக வேண்டும். மொழிபெயர்ப்பாளரிடம் சொன்னேன். அவர் அவளிடம் சொன்னார். அவள் தயங்கவில்லை. செருப்பைக் கழற்றி, இரண்டையும் ஒன்றோடு ஒன்று ஒட்டி, முனை வெளிப்பக்கம் பார்க்கும்படி திருப்பி வைத்துவிட்டு வந்து நின்றாள். மண் கொதித்தது. சூடு தாங்காமல் கண்ணைச் சுருக்கினாள். படத்தில் அது சோகமாக விழுந்தது.

பொய் சொன்னதாக அப்போது எனக்குத் தோன்றவில்லை. அந்தக் கிராமத்தில் செருப்பில்லாத குழந்தைகள் எத்தனையோ பேர் இருந்தார்கள். அதனால் பரவாயில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை, அட்டையில் அதே இரண்டு படங்களும் திருத்தத்தோடு அச்சான கண்காட்சிச் சிறு புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப் போனேன். சோலுக்கு வெளியே நம்யாங்ஜூவில், படைக் குடும்பங்களுக்கான அடுக்குமாடியில் இருந்தோம். இன்சோக் ஜூலையில்தான் ஊர் திரும்பியிருந்தார். சோபாவில் உட்கார்ந்து அட்டையை வெகுநேரம் பார்த்தார். முதலில் இடது பக்கத்துப் பையனை. பிறகு வலது பக்கத்தை.

"இது டொமிங்கோஸ் பொண்ணுல்ல? இவளுக்குச் செருப்பு உண்டே."

"அன்னிக்குப் போட்டுக்கல போல."

"அப்படியா?" என்றார். அவ்வளவுதான். என் பேச்சை நம்பிப் பழகியவர். எங்களுக்குக் கல்யாணமான பதினாலு வருஷத்தில், எந்த ஒரு சின்ன விஷயத்தையும் நான் அவரிடம் மறைத்ததில்லை. சோற்றுப் பானையைத் திறந்து பார்ப்பதுபோல எழுந்து சமையலறைக்குள் போய்விட்டேன்.

அங்கே நிற்கும்போதுதான் அவர் தொலைபேசியில் பேசுவது கேட்டது. லவாரியில் அவரோடு சாலை வேலை செய்த, அலீதாவின் அப்பா டொமிங்கோஸ் இப்போது சோல் வந்திருக்கிறாராம். சாலைப் பராமரிப்புப் பயிற்சிக்காகத் திமோரிலிருந்து அழைத்து வரப்பட்ட பத்துப் பேரில் அவரும் ஒருவர். நாளைக்கு மதியம் நம் வீட்டுக்குச் சாப்பிட வா என்று கூப்பிட்டார் இன்சோக். அதோடு நிற்கவில்லை. "உன் பொண்ணு படம் செவ்வாய்க்கிழமை மண்டபத்துல தொங்கப் போகுதுடா. பஸ் அளவுக்குப் பெரிசா. எடுத்தது யாரு தெரியுமா? என் பொண்டாட்டி," என்றார். அவ்வளவு பெருமை அந்தக் குரலில்.

ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டு மணிக்கு மணி அடித்தது. கதவைத் திறந்தால், இரவல் கோட்டுக்குள் உலகக் கோப்பைச் சிவப்புச் சட்டை போட்ட ஒல்லியான மனுஷர். இடுப்பு வரை குனிந்து வணங்கினார். பிறகு நிமிர்ந்து, கொரிய மொழியிலேயே, "ஏய், நான் வந்துட்டேன். நீ நல்லா இருக்கியா?" என்றார்.

எங்கள் பெண் போமி வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். பன்னிரண்டு வயது. இன்சோக்குக்குக் காதெல்லாம் சிவந்துவிட்டது. "தப்பா எடுத்துக்காதே, போமி அம்மா. எங்க படைப் பசங்க கத்துக் குடுத்த பாஷை. சைட்டுல யாரு மரியாதையா பேசினா?" என்று என் காதில் சொன்னார்.

டொமிங்கோஸ் வாசலில் காலணியைக் கழற்றித் திருப்பி வைத்துவிட்டு உள்ளே வந்தார். வறுத்த காப்பிக்கொட்டைப் பொட்டலம் ஒன்றும், அவர் மனைவி நெய்த சிவப்புத் துணி ஒன்றும் என் கையில் கொடுத்தார். விலா எலும்புக் குழம்பும், கண்ணாடி சேமியாவும், காரமான முள்ளங்கிக் கிம்சி ஊறுகாயும் வைத்திருந்தேன். கிம்சியை அவர் தண்ணீர் குடிக்காமல் சாப்பிட்டார். நான் பரிமாறிக்கொண்டே இருந்ததைப் பார்த்து, "உக்காரு. சாப்பிடு. சீக்கிரம் சாப்பிடு, சிமெண்ட் இறுகிடும்," என்றார். போமி சிரித்துச் சிரித்துப் புரையேறிப் போனாள். நானும் சிரித்தேன். சிரித்த அந்தக் கொஞ்ச நேரம் எல்லாவற்றையும் மறந்திருந்தேன்.

பிறகு அவர் தன் பெண்ணைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். எங்கள் படை சாலை போட வந்தபோதுதான் அவருக்கு வாழ்க்கையில் முதன்முதலாகக் கூலி என்று ஒன்று கையில் கிடைத்ததாம். அந்த முதல் கூலியோடு டவுன் சந்தைக்கு நடந்தே போயிருக்கிறார். அலீதாவின் பாதத்தை ஓலைத் துண்டில் அளந்து, அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனாராம். நீலச் செருப்பு. வளரும் கால் என்று கடைக்காரன் ஓர் அளவு பெரிதாகக் கொடுத்தானாம். முதல் வாரம் முழுக்க அவள் அதைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டுதான் தூங்கினாளாம்.

"சாங்சா பார்த்தான்," என்றார், இன்சோக்கைக் காட்டி. பதவிப் பெயரைத்தான் அவர் பெயர் மாதிரிச் சொல்வார். "மறுநாள் ரோட்டுக்கு வந்தா. புது ரோட்டுல புதுச் செருப்பு. சாங்சா சல்யூட் அடிச்சான்."

"அடிச்சேன்," என்றார் இன்சோக். சிரித்துக்கொண்டே என்னைப் பார்த்தார். நான் கிம்சித் தட்டைப் பார்த்தேன்.

படத்தைக் காட்டு என்று டொமிங்கோஸ் கேட்டார். அன்று காலைதான் ஒரு மலிவான கேமரா வாங்கியிருந்தார். செவ்வாய்க்கிழமை பதாகைக்குக் கீழே நின்று படம் எடுத்துக்கொண்டு போய் ஊருக்குக் காட்ட வேண்டும், அதற்காக. புத்தகம் அலுவலகத்தில் இருக்கிறது என்று நான் சொல்ல வாயெடுப்பதற்குள், போமி அதை அறையிலிருந்து எடுத்து வந்து இரண்டு கையாலும் அவரிடம் நீட்டிவிட்டாள். என் மகளுக்கு நான் சொல்லிக் கொடுத்த மரியாதை.

அவர் முகத்தைப் பார்த்தார், சிரித்தார். பையைப் பார்த்தார். பிறகு கீழே பார்த்தார். விரலால் அந்தப் பாதத்தைத் தடவினார், தூசியைத் துடைப்பது மாதிரி. அச்சகத்தில் கறுப்பாக்கிய பாதம்.

"செருப்பு எங்கே?"

அவர் மறுபடியும் கேட்டார், ஆனால் இந்தத் தடவை எங்களை அல்ல. அன்றைக்கு விளையாடப் போயிருப்பாளோ, ஆற்றில் விட்டுவிட்டு வந்திருப்பாளோ என்று தனக்குள்ளேயே காரணம் தேடினார். கடைசியில் இன்சோக்கைப் பார்த்தார். அவர் குரல் தணிந்திருந்தது.

"நான் வாங்கிக் குடுத்தேன். சாங்சா, நீ பார்த்தே இல்ல? அங்க வர்றவங்ககிட்ட நீ சொல்லு. அப்பன் வாங்கிக் குடுத்தான்னு சொல்லு."

இன்சோக் என்னைப் பார்த்தார். சனிக்கிழமை நான் சொன்ன பதில் அந்தப் பார்வையில் திரும்பி வந்தது. அப்போதாவது நான் வாய் திறந்திருக்கலாம். எழுந்து போய்ப் பேரிக்காய் நறுக்கிக்கொண்டு வந்தேன்.

டொமிங்கோஸைப் பயிற்சி விடுதியில் விட்டுவிட்டு இன்சோக் திரும்பியபோது நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். போமியைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பியிருந்தேன். அவர் சமையலறை வாசலில் நின்றார்.

"கழற்றச் சொன்னியா?"

"ம்."

திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, புத்தக அட்டையில் இருந்த அந்தக் கறுப்பு வெள்ளைப் பையனைக் காட்டினார். "இது நான் இல்ல. ஆனா நானும் இப்படி ஒரு படத்துல இருக்கேன்," என்றார்.

பதினாலு வருஷத்தில் அவர் சொல்லாத கதை அது. யோங்வோல் என்ற ஊரில் அவர் மூன்றாம் வகுப்பு படித்தபோது, சோள மாவு அனுப்பிய நாட்டிலிருந்து ஆட்கள் பார்க்க வந்தார்களாம். சாப்பாட்டு டப்பா கொண்டு வந்த பிள்ளைகள் அதை மேசைக்குள் ஒளித்துவிட்டுக் கை நீட்டி நிற்க வேண்டும் என்று ஆசிரியர் சொல்லியிருக்கிறார். அன்றைக்கு இவருக்குப் பிறந்தநாள். வீட்டில் இருந்த ஒரே கோழி இட்ட முட்டையை, மற்ற பிள்ளைகள் கண்ணில் படாமல் இருக்க, பார்லிச் சோற்றுக்கு அடியில் வைத்து அனுப்பியிருந்தார் அவர் அம்மா. இவர் டப்பாவை ஒளித்தார், கையை நீட்டினார். சில மாதம் கழித்து அந்தப் படம் ஊர் அலுவலகச் சுவரில் ஒட்டப்பட்டது.

"அம்மா ரேஷனுக்குப் போனப்போ பார்த்திருக்கா. வீட்டுக்கு வந்து என்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேட்டா. 'அன்னிக்கு முட்டையைப் பார்க்கலையாடா?'ன்னு." புத்தகத்தை மேசைமேல் கவிழ்த்து வைத்தார். "அதுக்கப்புறம் அவ அந்தத் தெருப் பக்கமே போகல. சாகற வரைக்கும்."

குழாயை மூடினேன். கை ஈரத்தோடு நின்றேன்.

"படம் எடுத்ததைக்கூட விடு," என்றார் அவர். "நேத்து என்கிட்ட ஏன் அப்படிச் சொன்னே? நான் அவனைப் போன் பண்ணிக் கூப்பிட்டேனே."

ஈரக் கையைத் துடைத்துவிட்டு, கழுவிய பாத்திரங்களை ஒவ்வொன்றாக அடுக்கினேன்.

திங்கட்கிழமை காலை முதல் வேலையாக பியோனிடம் போனேன். நடந்ததை முழுக்கச் சொன்னேன். செருப்போடு சிரிக்கிற முதல் படத்தையும் மேசையில் வைத்தேன். அதன் பின்னணியில் எங்கள் படை போட்ட சாலையும் தெரிந்தது. பியோன் படத்தை ரசித்துத்தான் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா யூன்சிம், இதைப் பார்த்தா இந்தப் பொண்ணுக்கு ஒரு குறையும் இல்லன்னு தோணுதே. அப்புறம் நாம எதுக்கு?"

அந்தச் செருப்பே நாம் போட்ட சாலையில் கிடைத்த கூலியில் வாங்கியது என்றேன். நாம் செய்ததிலேயே நல்ல காரியம் அந்தச் செருப்புதான், அதைத்தான் நான் கழற்றிவிட்டேன் என்றேன். அவருக்குப் புரிந்தது, புரியாமல் இல்லை. ஆனால் துணை அமைச்சர் வருகிறார், பத்திரிகைக்குப் படம் போய்விட்டது, புதிதாக அச்சடிக்க நேரமில்லை. நெற்றியைத் தேய்த்தவர், கால்தானே பிரச்சினை, காலே வேண்டாம், முழங்காலோடு வெட்டிவிடலாம் என்றார். அச்சகத்துக்குப் போன் போட்டார். சிக்கல் தீர்ந்த திருப்தியோடு எனக்கு ஒரு காப்பியும் வாங்கிக் கொடுத்தார்.

வேலையை விடுகிறேன் என்று நான் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம் என்று பிறகு பல தடவை நினைத்துக்கொண்டேன். மதியம் அரைநாள் விடுப்பு எடுத்து டொமிங்கோஸ் தங்கியிருந்த விடுதிக்குப் போனேன். அவ்வளவுதான் என் தைரியம்.

அவர் அறைத் தரையில் உட்கார்ந்து, தார்க் கலவை பற்றிய பாடத்தை நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார். நான் அவர் எதிரில் மண்டியிட்டு உட்கார்ந்தேன். அவருக்குப் புரிகிற சின்னச் சின்ன வார்த்தைகளாகத் தேடித் தேடிச் சொன்னேன். அலீதா செருப்போடுதான் வந்தாள். நான் கழற்றச் சொன்னேன். படத்துக்காக. தப்பு என்னுடையது. அலீதாவுடையது இல்லை, உங்களுடையதும் இல்லை.

சொல்லி முடித்து நெற்றி தரையில் படக் குனிந்தேன். நிமிரத் தெரியவில்லை.

"அழுதாளா?" என்று கேட்டார்.

"இல்ல. உடனே கழற்றினா. ஒழுங்கா ஒட்டி, திருப்பி வெச்சா."

அவர் முகம் சட்டென்று மலர்ந்தது. "நான் சொல்லிக் குடுத்தேன். உங்க டாக்டர் கூடாரத்துல எல்லாரும் கழற்றணும். இப்படித் திருப்பி வைக்கணும். கொரியாக்காரங்களுக்கு அதுதான் மரியாதைன்னு சொன்னேன்." சொல்லிக்கொண்டு வரும்போதே அந்தச் சிரிப்பு மெல்ல வடிந்தது. "நீ மரியாதை கேட்டேன்னு நினைச்சிருப்பா."

அவள் பயந்து கழற்றினாள் என்றுதான் அதுவரை நான் நினைத்திருந்தேன். அவள் எனக்கு மரியாதை செய்திருக்கிறாள். அதை வைத்துத்தான் நான் அவளை ஏழையாக்கியிருக்கிறேன்.

செருப்போடு இருந்த படத்தை அவரிடம் கொடுத்தேன். நோட்டுக்குள் வைத்து மூடிக்கொண்டார். கோபப்படவில்லை, பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. பஸ் போய்விடும், சீக்கிரம் போ என்றார்.

மறுநாள் காலை இன்சோக்தான் சமைத்தார். கண்காட்சிக்குக் கிளம்பும் அவசரத்தில் இரண்டு வாய் சாப்பிடலாம் என்று உட்கார்ந்தேன். சோற்றுக்கு அடியில் கரண்டி எதிலோ முட்டியது. பொரித்த முட்டை. அவர் எனக்கு முதுகைக் காட்டி நின்று போமியின் தண்ணீர் பாட்டிலை நிரப்பிக்கொண்டிருந்தார். மன்னித்துவிட்டார் என்றுதான் அதற்கு அர்த்தம். ஆனாலும் அந்த முட்டையை விழுங்குவது எனக்குச் சுலபமாக இல்லை.

மண்டபத்தில் பதாகை தொங்கியது. வெட்டிய இடம் யாருக்கும் தெரியவில்லை. துணை அமைச்சர் அதன் கீழே நின்று பேசினார். சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். படம் எடுத்தவர் இவர்தான் என்று பியோன் என்னை யார் யாரிடமோ அறிமுகப்படுத்தினார், ஒவ்வொருவருக்கும் நான் குனிந்து வணங்கினேன். பயிற்சிக்கு வந்த பத்துப் பேரும் இரண்டாம் வரிசையில் இருந்தார்கள். டொமிங்கோஸ் கழுத்தில் அந்தக் கேமரா தொங்கியது. அவர் தன் நண்பர்களைப் படம் எடுத்தார். வாசலில் மழைநீர் வடிகாலின் இரும்பு மூடியைக் குனிந்து படம் எடுத்தார். இன்சோக்கை சல்யூட் அடிக்கச் சொல்லி எடுத்தார். பதாகையின் பக்கம் அவர் கேமராவைத் திருப்பவே இல்லை.

வெள்ளிக்கிழமை மதியம், ஊருக்குக் கிளம்பும் முன் விடைபெற்றுப் போக வந்தார். உள்ளே வர நேரமில்லை, கீழே வண்டி நிற்கிறது என்றார். அலீதாவுக்காக வாங்கி வைத்திருந்ததை என்னால் கொடுக்க முடியவில்லை. அது ஒரு ஜோடிச் செருப்பு. கொடுத்தால் என்ன அர்த்தமாகும் என்று பயந்து அலமாரியிலேயே விட்டுவிட்டேன். வெறும் கையோடு வாசலில் போய் நின்றேன்.

டொமிங்கோஸ் படியில் இரண்டு அடி பின்னால் போய்க் கேமராவைக் கண்ணில் வைத்தார்.

"அலீதா கேட்பா, படம் எடுத்த அம்மா எப்படி இருக்கான்னு. ஃபிலிம்ல கடைசிப் படம் இது ஒண்ணுதான் மிச்சம். நில்லு."

நின்றேன். சிரிக்க முயன்றேன். அவர் அழுத்தவில்லை. கேமராவைக் கண்ணிலிருந்து எடுத்து என் கால்களைப் பார்த்தார். சமையல் நடுவில் எழுந்து வந்தவள். காலுறைகூட இல்லாமல், குளிர்ந்த சிமெண்டில் வெறுங்காலோடு நின்றுகொண்டிருந்தேன்.

அவர் குரலில் குத்தல் எதுவும் இல்லை. தான் விருந்தாளியாக வந்த வீட்டுப் பெண் படத்தில் நன்றாக விழ வேண்டும் என்கிற அக்கறை மட்டும்தான் இருந்தது.

"முதல்ல செருப்பைப் போட்டுக்கோ," என்றார். "நான் காத்திருக்கேன்."

குனிந்து போட்டுக்கொண்டேன். வார் மாட்டத் தெரியாத குழந்தை மாதிரி வெகுநேரம் ஆயிற்று எனக்கு. அவர் காத்திருந்தார்.